நம்ம தெருவுக்கு எந்த நெட்?

அண்ணன் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டதால் மனைவி, குழந்தையோடு போச்சம்பள்ளிக்கே குடிவந்துவிட்டான். வந்த மூன்றாம் நாள் போன் செய்தான்.

"சித்தப்பா, பெங்களூர்ல நான் வச்சிருந்த நெட் கம்பெனியே இங்கயும் இருக்குதாம். அதையே போட்டுடலாமா?"

"அவசரப்படாதப்பா. உங்க தெருவுல யார் வீட்டுல எந்த நெட் ஓடுதுன்னு மொதல்ல கேட்டு வை. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

காரிமங்கலத்தில் என் வீட்டுக்கு நெட் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டெலிபோன் கம்பியில் வந்த காலத்திலிருந்து இன்றைய ஃபைபர் வரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் விசாரித்துச் சொல்லப் போய், லைன் வேலை பார்க்கும் பையன்களோடு பழக்கமாகி, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரே கம்பெனியின் நெட் ஒரு தெருவில் வருடம் முழுக்க நிற்காமல் ஓடும். அடுத்த தெருவில் வாரம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். காரணம், நம் வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டர் கேபிளும், அது அறுந்தால் கம்பம் ஏற வருகிற ஆளும்தான். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இரண்டையும். அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நெட் நம் ஊருக்கு வரும் வழி

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 260 கிலோமீட்டர். போய் வர மூன்று மில்லிசெகண்டு கூட ஆகாது. பெங்களூர் இன்னும் பக்கம். அப்படியிருக்க, வேகம் சோதிக்கும்போது பிங் என்ற இடத்தில் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) 70, 80 என்று காட்டினால், "நாம கிராமத்துல இருக்கோம், அப்படித்தான்" என்று யாராவது சொல்வதை நம்பாதீர்கள். நடுவில் எங்கோ நெரிசல், அல்லது சுற்றுவழி.

வழி என்று பார்த்தால் நம்முடையது நல்ல இடம். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியில் பிரிந்து, ஒன்று சென்னைக்கும் ஒன்று தருமபுரி வழியாகச் சேலத்துக்கும் போகிறது. பெரிய கம்பெனிகளின் முதுகெலும்புக் கேபிள்கள் இப்படிப்பட்ட சாலைகளை ஒட்டித்தான் போகும். ரயில்வே துறையின் நிறுவனமான ரயில்டெல் ரயில் பாதையை ஒட்டித் தன் கேபிளை இழுத்திருக்கிறது. அதன் வீட்டு இணைப்புக்குப் பெயர் ரயில்வயர். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. ஆனால் சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி சென்னை–சேலம் பாதையிலும், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் சேலம்–பெங்களூர் பாதையிலும் இருக்கின்றன.

ஆக, பெரிய குழாய் நம் மாவட்டத்தின் நடுவிலேயே போகிறது. அந்தக் குழாயிலிருந்து பஞ்சப்பள்ளிக்கும் ஏரியூருக்கும் அஞ்செட்டிக்கும் கிளை பிரிப்பதில்தான் எல்லாச் சிக்கலும். இங்கே தோண்டினால் பாறை. கிரானைட் வெட்டுகிற பூமியில் மூன்றடி பள்ளம் தோண்டிக் கேபிள் புதைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் ஊருக்குள் வரும் கேபிளில் பெரும்பகுதி கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும். கோடைமழைக் காற்றில் புளியமரக் கிளை ஒடிந்து விழும். தேர் வீதியில் தேரோட்டத்துக்கு முன்தினம் அவிழ்த்துவிடுவார்கள். அணில் கடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி நெட்டின் கதை முழுவதும் இந்தத் தொங்கும் கேபிளில்தான் இருக்கிறது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

நம் பக்கம் வீட்டு இணைப்பு கொடுப்பவர்களை நான் நான்கு வகையாகப் பார்க்கிறேன். ஒன்று, அரசின் பிஎஸ்என்எல். இரண்டு, ஜியோ, ஏர்டெல் போன்ற பெரிய தனியார் கம்பெனிகள். மூன்று, உள்ளூர்க் கேபிள்காரர்களும் அவர்களுக்கு மொத்தமாக நெட் விற்கும் சிறு நிறுவனங்களும். நான்கு, கேபிளே இல்லாமல் டவரிலிருந்து வரும் ஏர்ஃபைபர். எண்ணிக்கை நான்காக இருந்தாலும் ஃபைபர் என்று வந்துவிட்டால் இவற்றுக்கு நடுவிலுள்ள கோடு அவ்வளவு தெளிவாக இல்லை.

பிஎஸ்என்எல் ஃபைபரை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் தெருவுக்குள் கேபிள் இழுத்து, வீட்டில் பெட்டி மாட்டி, பழுது பார்ப்பது பிஎஸ்என்எல் ஊழியர் இல்லை. வருமானத்தில் பங்கு என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த உள்ளூர்ப் பங்குதாரர். அவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஊரில் கேபிள் டிவி நடத்துபவர். ரயில்வயரும் உள்ளூர்க் கேபிள்காரர் மூலமாகத்தான் வீட்டுக்கு வருகிறது. ஒரே மனிதர் தன் அறையில் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ்களையும், இரண்டு வெவ்வேறு நெட் கம்பெனிகளின் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அவர் கெட்டிக்காரராக இருந்தால் அந்த ஊரில் இரண்டு கம்பெனியும் நன்றாக ஓடும். இல்லாவிட்டால் இரண்டுமே ஓடாது.

சிறு நிறுவனம் என்றால் அனுமதி இல்லாதது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. இணைய சேவைக்கான உரிமத்தில் மூன்று வகை உண்டு: நாடு முழுவதற்குமான ஏ, ஒரு மாநில அளவிலான பி, ஒரு தொலைபேசி மாவட்ட அளவிலான சி. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தொலைபேசிக் கணக்கில் மட்டும் இரண்டும் தருமபுரி என்ற ஒரே வட்டாரமாக நீடித்தன. சி வகை உரிமம் வாங்கிய உள்ளூர் நிறுவனமும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளுக்கு உட்பட்டதுதான். ரசீதில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் முழுப்பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பவரிடம், நாளைக்கு ஒரு புகார் என்றால் யார் மேல் கொடுப்பீர்கள்?

ஊராட்சிகளுக்கு அரசு இழுக்கும் ஃபைபரும் இருக்கிறது. 2011இல் ஒப்புதல் பெற்ற தேசியத் திட்டம்தான் பின்னால் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது 2018இல் தொடங்கிய தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம். 12,525 ஊராட்சிகளுக்கும் குறைந்தது ஒரு ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) வேகம் கொண்டுபோவது இலக்கு. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்த ஃபைபரின் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இருந்தால், அங்கிருந்து வீடுகளுக்குக் கிளை பிரித்துக் கொடுக்கும் ஆள் யார் என்பதே அடுத்த கேள்வி. மறுபடியும் அதே கடைசி இரண்டு கிலோமீட்டர்தான்.

ஒளி எவ்வளவு வருகிறது

கேபிள்காரர் அறையில் ஓஎல்டி என்று ஒரு பெட்டி இருக்கும். அங்கிருந்து ஒற்றை இழையில் ஒளி கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா அந்த ஒளியைப் பங்கு போடும். அது வெறும் கண்ணாடி, கரண்ட் வேண்டாம். கடைசியில் நம் வீட்டுப் பெட்டி. லைன்மேன்கள் இதை ஓஎன்டி என்பார்கள், வீட்டில் எல்லோரும் மோடம் என்போம். நம் பக்கம் பெரும்பாலும் இருக்கும், ஜிபான் என்ற இந்த ஃபைபர் முறையில் ஓர் இழையில் கீழ்நோக்கி வரும் மொத்த வேகம் 2,488 எம்பிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடு பகிரும். 64 வீடும் ஒரே நொடியில் முழுவேகத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் வரும். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் 100 எம்பிபிஎஸ் பிளான் விற்பது ஏமாற்று வேலை இல்லை. தெருவுக்குள் நெரிசல் வருவது அபூர்வம். நெரிசல் வருவது அதற்கு மேலே. கேபிள்காரர் மேலே உள்ளவரிடம் வாங்கும் மொத்த நெட் போதாமல் போகும் இடத்தில்.

இதைக் கண்டுபிடிக்க இரவு எட்டரை மணி போதும். ஏற்கெனவே அந்த இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில், ஐபிஎல் நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கும் ஒருமுறை. காலையில் 95, இரவில் 20 என்றால் மேலே வாங்கும் குழாய் சின்னது. எந்த பிளானுக்கு மாறினாலும் அது சரியாகாது.

இன்னொரு சோதனை ஒளியின் பலம். லைன்மேன்கள் இதை 'பவர்' என்பார்கள். கையடக்கக் கருவியில் மைனஸ் எண்ணாகக் காட்டும், டிபிஎம் என்பது அளவு. மைனஸ் 18இலிருந்து 22 வரை என்றால் நிம்மதியாக இருக்கலாம். 25 ஆனால் யோசிக்க வேண்டும். 27 என்பது பெட்டியின் எல்லை, அதைத் தாண்டினால் நெட் வந்து வந்து போகும். மூன்று எண் கூடினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. ஸ்ப்ளிட்டரில் ஒளி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் பாதி போகும். 32ஆகப் பிரிப்பதற்கு ஐந்து முறை பாதியாக வேண்டும், அதிலேயே 17 டெசிபல், அதாவது அந்த எண்ணில் 17 வரை போய்விடும். மிச்சம் போவது ஒட்டுகளிலும் வளைவுகளிலும். அறுந்த இழையை ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்டினால் இழப்பு மிகக் குறைவு. அவசரத்துக்கு கனெக்டர் வைத்து இணைத்துவிட்டுப் போனால் கூடுதல். ஒரே கேபிள் ஐந்து இடத்தில் அறுந்து ஐந்து முறை அப்படி இணைக்கப்பட்டால் தெருக்கோடி வீட்டுக்கு 27 காட்டும். அதனால்தான் பெட்டி மாட்ட வருகிற பையனிடம் "பவர் எவ்வளவு தம்பி காட்டுது?" என்று கேளுங்கள் என்கிறேன். கேட்டுவிட்டுப் பெட்டியின் அடியில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால் அந்த எண்தான் உங்கள் சாட்சி.

பெட்டியில் லாஸ் (LOS) என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, கேபிள் எங்கோ அறுந்துவிட்டது. கஸ்டமர் கேரில் பேசுபவர் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார். சிவப்பு விளக்கு எரியும்போது பத்துமுறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. "ரெட் லைட் எரியுதுங்க, லைன் கட்" என்று நேராகச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் ஒருமுறை சாலை வேலைக்கு வந்த ஜேசிபி கேபிளைக் கிழித்துவிட்டது. அப்போது வைத்திருந்தது பெரிய கம்பெனி ஒன்று, பெயர் வேண்டாம். ஆப்பில் புகார் போட்டால் "உங்கள் பகுதியில் பழுது, நான்கு மணிநேரத்தில் சரியாகும்" என்று வரும். நான்கு மணிநேரம் முடிந்ததும் அதே செய்தி மறுபடி வரும். ஐந்து நாள் அப்படியே போனது. மகளுக்கு அந்த வாரம் கல்லூரியில் ஆன்லைன் தேர்வு. அவள் போனை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து ஹாட்ஸ்பாட்டில் எழுதினாள். அந்த ஐந்து நாளில் யாரிடம் நேரில் போய்க் கேட்பது என்று எனக்கு ஒரு ஆள் இல்லை, ஒரு வாசல் இல்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ளூர்க் கேபிள்காரர் இணைப்பு. அவருடைய கேபிளும் அதே இடத்தில்தான் அறுந்தது. அன்று இரவே டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஓசூரில் பெரிய கம்பெனியின் ஆட்கள் அரை நாளில் வந்து சரிசெய்வதைப் பார்த்திருக்கிறேன், உள்ளூர்க்காரர் போனையே எடுக்காமல் இருந்த கதையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் தெருவில் மூன்று வீட்டில் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: "கடைசியா எப்ப கட் ஆச்சு? எத்தனை நாள்ல சரி பண்ணாங்க?" வேகம் எவ்வளவு என்று கேட்டால் "நல்லா இருக்குதுங்க" என்ற பதில்தான் வரும். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும். பட்ட கஷ்டம் யாருக்கும் மறப்பதில்லை.

தோண்டுபவர்கள் கேபிள் வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதற்காக ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. உங்கள் தெருவில் குழாய்க்கோ சாக்கடைக்கோ அளவெடுக்கிறார்கள் என்றால் கேபிள்காரருக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். செயலியை விட அது வேகம்.

கரண்ட் போனால்

பழைய டெலிபோனுக்குக் கரண்ட் தேவைப்படவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்தே தாமிரக் கம்பியில் 48 வோல்ட் வந்தது. ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும், பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் நெட் பெட்டியை அதில் சேர்த்துவிடுங்கள். இல்லாதவர்கள் ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உங்கள் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கேட்காமல் விடுவது ஓஎல்டி இருக்கும் இடத்தின் கரண்டைப் பற்றி. கேபிள்காரரின் அறை உங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, எட்டுக் கிலோமீட்டர் தள்ளி வேறொரு சப்ஸ்டேஷனின் கீழ் இருக்கலாம். அங்கே ஷட்டவுன் என்றால், உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நெட் போகும். "ஓஎல்டி எங்க வச்சிருக்கீங்க? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" இந்த இரண்டு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

சில ஊர்களில் இன்னும் கறுப்பு லேன் கேபிளில் வீட்டுக்கு நெட் கொடுக்கிறார்கள். அதில் கம்பத்திலோ யார் வீட்டு மாடியிலோ சுவிட்ச் பெட்டி இருக்கும், அது அந்த வீட்டுக் கரண்டில் ஓடும். அந்த வீட்டுக்காரர் பூட்டிவிட்டு ஒகேனக்கல் போனால் தெருவுக்கே நெட் இல்லை. இடி மின்னலுக்கும் அந்தத் தாமிரக் கேபிள் ஆபத்து. ஃபைபர் கிடைக்கிற இடத்தில் அதை எடுக்காதீர்கள்.

பிளானும் பணமும்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. 'பிராட்பேண்ட்' என்ற சொல்லே எதற்கும் உத்தரவாதம் இல்லை. சட்டப்படி 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட், அதுவும் 2023இல்தான் அவ்வளவாக உயர்ந்தது. அதற்கு முன் 512 கேபிபிஎஸ்தான். ஆனால் பெரிய எண்ணுக்கும் ஓட வேண்டியதில்லை. எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், பெரிய டிவியில் 4கே படத்துக்கு 15, வீடியோ மீட்டிங்குக்கு மூன்று நான்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் தாராளம். எழுதியிருக்கும் எண்ணை எட்டால் வகுத்தால்தான் டவுன்லோடில் காட்டும் எண் வரும்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. நெட்டைக் குறை சொல்வதற்கு முன் இதை ஒருமுறை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்லிமிடெட் என்பதற்கும் எல்லை உண்டு. ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி அளவில் நிற்பது வழக்கம். அதன் பிறகு வேகம் மிகவும் குறையும். 3,300 என்பது ஒரு நாளைக்கு 110 ஜிபி, சாதாரண வீடு அதில் கால்வாசியைக் கூடத் தொடாது.

விளம்பரத்தில் 399 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய், வருடத்துக்கு 5,650. இதோடு இன்ஸ்டலேஷன் எவ்வளவு, பெட்டிக்கு டெபாசிட் உண்டா, திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா என்று கேளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். புது இணைப்புக்கு முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுவதே நல்லது. ஒரு மழைக்காலம் பார்க்காத கேபிளுக்கு வருடப் பணம் கட்டாதீர்கள். 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பணம் மாட்டிக்கொண்டதால் மட்டும் ஓடாத நெட்டோடு காலம் தள்ளும் வீடுகள் எனக்குத் தெரியும்.

வேகம் குறைவு என்று எனக்கு வரும் போன்களில் பாதி, வீட்டுக்குள் வைஃபை பிரச்சினை. இணைப்பு கொடுக்க வருபவர்கள் பெட்டியை வாசல் மூலையில், கேபிள் நுழையும் இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் பக்கத்துக் கல்சுவரைத் தாண்டிப் பின்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை போகாது, 2.4 தான் போகும், அதில் வேகம் குறைவு. கேபிளை நடுக்கூடம் வரை இழுத்துத் தரச் சொல்லுங்கள். பத்து மீட்டர் கூடுதல் கேபிளுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், மாட்டும் நாளில் கேட்டால்.

தோட்டத்திலோ கடையிலோ கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். நெட் முகவரி எண்கள் பற்றாக்குறையால் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கின்றன. கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்க அது இடம் கொடுக்காது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கும் புதுக் கேமரா என்றால் கவலையில்லை. இல்லையென்றால் ஸ்டாட்டிக் ஐபி என்ற, நமக்கென்றே உள்ள மாறாத முகவரியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அது கிடைக்குமா என்பதை முன்பே கேளுங்கள்.

கேபிளே வராத இடங்கள்

சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும், தளி பக்கம் காட்டையொட்டிய தனி வீடுகளுக்கும் இதுவரை சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே 2023இல் வந்த ஏர்ஃபைபர் ஒரு வழி. மாடியில் ஆண்டெனா, கீழே பெட்டி, டவரிலிருந்து 5ஜி. கம்பமும் கேபிளும் இல்லாததால் புளியமரக் கிளைக்குப் பயமில்லை. ஆனால் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை குன்றைச் சுற்றிக்கொண்டு வராது. நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் பாறைக்குன்று. மொட்டைமாடியில் நின்றால் டவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் முதல் சோதனை. அதே கம்பெனி 5ஜி சிம் உள்ள போனை மாடிக்குக் கொண்டுபோய் இரவு எட்டரைக்கு வேகம் பாருங்கள். போனில் வராதது ஆண்டெனாவில் பெரிதாக வந்துவிடாது. டவரை ஊரே பகிர்கிறது என்பதால், ஃபைபரும் ஏர்ஃபைபரும் இரண்டும் கிடைக்கும் வீட்டில் நான் ஃபைபரைத்தான் சொல்வேன்.

புகார் என்று வந்தால்

புகார் எண் இல்லாத புகார் புகாரே இல்லை. லைன்மேனுக்குப் போன் போடுவது வேலை நடக்க. கம்பெனியில் பதிந்து எண் வாங்குவது உரிமைக்கு. இரண்டையும் செய்யுங்கள். டிராயின் 2012 விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இரண்டு படி உண்டு: முதலில் புகார் மையம், அதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரி, அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பழுது மூன்று வேலைநாளுக்கு மேல் நீண்டால் ஏழு நாள் வாடகையும், ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகையும், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகையும் தள்ளுபடி என்று 2006ஆம் ஆண்டு விதியிலேயே எழுதியிருந்தார்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து சேவைத் தரத்துக்கு ஒருங்கிணைந்த புது விதிகள் அமலில் இருக்கின்றன. கேட்காமல் யாரும் தள்ளுபடி கொடுத்து நான் பார்த்ததில்லை. புகார் எண்ணும் தேதியும் வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது என்று முன்பு நிறுவனங்கள் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், போடலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி போனேன். அவன் தெருவில் நான்கு வீட்டில் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். பெங்களூரில் வைத்திருந்த அதே கம்பெனி அந்தத் தெருவில் ஒரு வீட்டில் இருந்தது, கடைசியாக அறுந்தபோது ஆறு நாள். உள்ளூர்க்காரர் இணைப்பு மூன்று வீட்டில், அதிகபட்சம் ஒன்றரை நாள். கேபிள்காரரையே வரச் சொன்னோம். முப்பது வயதுக்குள் இருக்கும், இடுப்பில் பவர் மீட்டரோடு வந்தார்.

"ஓஎல்டி எங்க தம்பி வச்சிருக்கீங்க?"

"மத்தூர்லங்கண்ணா."

"அங்க ஷட்டவுன்னா?"

"ரெண்டு பேட்டரி போட்டிருக்குதுங்க, நாலு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா ஜெனரேட்டர் போடுவோமுங்க. ஆனா அதுக்கு நடுவுல ஒரு பத்து நிமிஷம் கட் ஆகும், அதையும் சொல்லிடறேன்."

அந்தப் பத்து நிமிஷத்தை அவராகவே சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. 50 எம்பிபிஎஸ், மாதாமாதம் கட்டுவது, கேபிள் நடுக்கூடம் வரை. மீட்டிங் நடுவில் அறுந்தால் சமாளிக்க வேறு கம்பெனி சிம் ஒன்று போனில் இருக்கட்டும் என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். மாட்டி முடித்ததும் மீட்டரைக் காட்டச் சொன்னோம். மைனஸ் 21.4. பெட்டியைத் திருப்பி அடியில் மார்க்கரால் அந்த எண்ணையும் தேதியையும் எழுதினான். குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா மோடத்துமேல எழுதற?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.